ஒரு பக்கம் மட்டும் பலகை

ஆட்டுக்கு வேலி போடுவார்கள், மாட்டுக்குப் போடுவார்கள், திருடனுக்குப் போடுவார்கள். எங்கள் எதிர்வீட்டுத் தனசேகரன் கூடப்பிறந்த அண்ணனுக்குப் போட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் மரக்கடை மரக்கடையாக ஏறி இறங்கிய கதையைக் கேட்டுவிட்டு, மனிதர் பெரிய ரசனைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் எஸ்தர். ரவிக்கை தைக்கிறவள். தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன், ஜன்னலுக்கு நேரே அவர்கள் வாசல். நான் எட்டிப் பார்க்கிற ஜாதி இல்லை. ஆனாலும் கடவுள் கண்ணைக் கொடுத்திருக்கிறாரே, என்ன செய்வது?

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. தனசேகரனுக்கும் அவர் அண்ணன் ராமராஜனுக்கும் அப்பா விட்டுப்போன சொத்து ஒரே ஒரு மனை. அந்த மனிதர் ஆயுள் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கதிர் அறுத்தவர். அரசாங்கம் கொடுத்த மனைப்பட்டாவைத் தவிர அவர் பெயரில் ஒரு பிடி மண் கிடையாது. அதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வீடு கட்டிக்கொண்டார்கள். நடுவில் ஒரு கோடுகூடக் கிடையாது. அண்ணி எல்லம்மாளின் கோழி, தம்பி பெண்டாட்டி சம்பூர்ணத்தின் அடுப்படியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். ராமராஜனுக்குப் பிள்ளை இல்லை. தம்பி மகள் சுகாசினி காலையில் ஒரு வீட்டில் பல் தேய்த்துவிட்டு மறு வீட்டில் இட்லி தின்கிறவளாக வளர்ந்தாள்.

அண்ணனும் தம்பியும் பந்தல் வேலையில்தான் கை பழகினார்கள். பங்குனி உத்திரம் வந்தால் ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் கூட்டத்தை வரிசையில் விடுவதற்குச் சவுக்குக் கட்டையில் தடுப்பு கட்டுவார்கள். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஜனம் நிற்கிற பக்கம் இழைத்து வழவழப்பாக்கிய பக்கமாக இருக்கவேண்டும். ஆணி முனை, கம்பி முனை எல்லாம் மறு பக்கம் போய்விட வேண்டும். வருகிற பெண்கள் பட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு இழை மாட்டி இழுத்தால் புடவை போச்சு, அந்தப் பந்தல்காரனின் பெயரும் போச்சு. எந்த ஊர்ப் பந்தல்காரன் மறந்தாலும் எங்கள் ஊர்ப் பந்தல்காரன் இதை மறக்கமாட்டான்.

பிறகு ஆளுக்கு ஒரு வழி ஆயிற்று. தனசேகரன் மேடை அலங்காரம், பூ வளைவு, கலர் லைட்டு என்று வளர்ந்துவிட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் அவர் போன் நம்பர் இருக்கும். ராமராஜன் ஒரு மழையில் பந்தலிலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பு போய்விட்டது, அப்புறம் உயரம் ஏற முடியவில்லை. தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துப் பாடை கட்ட ஆரம்பித்தார். சாவு விழுந்தால் இந்தச் சுற்று வட்டாரத்தில் முதலில் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பூத்தேர் போல அவர் கட்டுகிற பாடையைப் பார்த்துவிட்டு, "செத்தா இவரு கையாலதான் போவணும்" என்று வாய்விட்டுச் சொன்ன கிழவர்கள் உண்டு. வீட்டு முன்னால் எப்போதும் பச்சை மூங்கிலும் கீற்றும் வைக்கோலும் கிடக்கும்.

இத்தனை வருஷம் அது தனசேகரன் கண்ணை உறுத்தவில்லை. சுகாசினிக்கு வரன் வந்ததும்தான் உறுத்த ஆரம்பித்தது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிற பெண். தாம்பரத்திலிருந்து வந்தது சம்பந்தம். எங்கள் ஜனம்தான். மாப்பிள்ளையின் அப்பா அப்பாதுரை ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பையனும் நல்ல வேலையில் இருந்தான். போட்டோ பிடித்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை வந்து பூ வைத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. அந்தப் பேச்சு முடிந்த மறுநாளே தனசேகரனுக்கு வேலிப் பைத்தியம் பிடித்தது.

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சாவு வேலையையும் மாட்டு வேலையையும் எங்கள் தலையில் கட்டிவிட்டு, அதையே எங்கள் பெயராக்கிக் கூப்பிட்ட ஊர் இது. அதிலிருந்து ஒருவன் தப்பித்து, பூவும் லைட்டுமாக நாலு பேர் மதிக்க நிற்கிறான் என்றால் பின்னால் திரும்பிப் பார்க்கவே நடுங்குவான்தான். ஆனால் பின்னால் நிற்பது யார் என்று ஒன்று இருக்கிறது, இல்லையா? அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

மரக்கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனார். துணி எடுக்க நானும் அந்தப் பக்கம் போகவேண்டி இருந்ததால் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். கடைக்காரர் சலிக்காமல் காட்டினார். சவுக்குக் கட்டையைக் குறுக்கே கட்டுகிற வேலி, மலிவு. "வேணாங்க, கோயில் க்யூ மாதிரி இருக்கும்" என்றார் தனசேகரன். மூங்கில் பிளாச்சைப் பின்னிப் போடுகிற தட்டி. மூங்கில் என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். டைமண்ட் டைமண்டாகச் சட்டம் அடித்து அதில் கொடி ஏற்றுகிற மாதிரி ஒன்று. கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு மிஷின் வருகிற பெட்டிகளைப் பிரித்து எடுத்த பைன் பலகை. இழைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

சுகாசினி செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இடுப்பு உயரம், தலை கூராகச் சீவிய வெள்ளைப் பலகைகள், நடுவில் நாலு விரல் சந்து.

"இது சூப்பரா இருக்குதுபா. உள்ள செடி வச்சா வெளிய தெரியும்."

"சரிம்மா, இதே போட்டுடலாம்" என்றார் தனசேகரன். பிறகு கடைக்காரரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "வாசல் பக்கமும் கெயக்குப் பக்கமும் இது. மேற்குப் பக்கம் மட்டும் ஆள் உயரம். சந்தே இல்லாம ஒட்டி ஒட்டி அடிக்கிற மாதிரி பலகை குடுங்க."

அவர் தாழ்த்திய குரல் என்பது மேடையில் நின்று ஆட்களை ஏவிப் பழகிய குரல். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மேற்குப் பக்கம் பெரியப்பா வூடாச்சே" என்றாள் சுகாசினி.

"கோழி வருதும்மா. செடியெல்லாம் கொத்திடும்."

"கோழிக்கு ஆள் உயரமாபா?"

அவர் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

வேலி போடுகிற அன்று இரண்டு ஆட்களை வரச் சொல்லியிருந்தார். அவர்கள் வருவதற்கு முன்னாலேயே கையில் கடப்பாரையோடு ராமராஜன் வந்து நின்றார். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் நிற்பார், பாவம்.

"இன்னாப்பா, வேலி போடறியாமே? எங்கிட்ட சொல்லவே இல்ல."

"சின்ன வேலைதாண்ணா. உனக்கு எதுக்கு சிரமம்?"

"கம்பம் நடறதுல இன்னாடா சிரமம்? புள்ள வூட்டுக்கு ஆளுங்க வராங்க, நீட்டா இருக்க வேணாவா?"

அவரைப் போகச் சொல்லத் தனசேகரனுக்கு வாய் வரவில்லை. அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். போ என்றாவது சொல்லியிருக்கலாம், இல்லை, வேலியே வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் சொல்லாமல் நூல் கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கம்பத்தின் அடியில் தார் பூசி, குழி தோண்டி, நூல் பிடித்து நட்டார் ராமராஜன். வாசல் பக்கம் முடிந்தது. கிழக்குப் பக்கம் முடிந்தது. வெயில் ஏறியபோது மேற்குப் பக்கம் வந்தார்கள். அவர் ஒரு பலகையை எடுத்து நிறுத்தினார். அது அவர் தலைக்கு மேலே நின்றது. தப்பான பலகையை எடுத்துவிட்டோமோ என்று கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதே உயரம்.

"இந்தப் பக்கம் மட்டும் ஒசரமாப்பா?"

"ஆமாண்ணா. கோழி…"

"ம்." கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். "சந்து எத்தினி வுடட்டும்?"

"சந்து வேணாண்ணா."

ராமராஜன் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பாதி கட்டிய பாடை ஒன்று கிடந்தது. பிறகு தம்பியைப் பார்த்தார். அந்த இடத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று ஜன்னலில் இருந்த எனக்கே தெரிந்தது. தனசேகரனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் குனிந்து ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இழைச்ச பக்கம் எந்தப் பக்கம் வரணும்?"

ஜனம் இருக்கிற பக்கம் இழைத்த பக்கம் என்பது இருவருக்கும் தெரிந்த பாடம். வீட்டுக்காரன் தன் பக்கம் முனையை வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழவழப்பைக் காட்டவேண்டும். தனசேகரன் தலை நிமிரவில்லை.

"எங்க பக்கம் இருக்கட்டும்ணா. வரவங்க பாப்பாங்க."

"சரிப்பா" என்றார் அண்ணன்.

ஒவ்வொரு பலகையாக ஒட்டி ஒட்டி அடித்தார். ஒரு பென்சில் கோடு போகிற இடம்கூட விடவில்லை. கடைசிப் பலகை அடித்து முடித்தபோது அவர் தம்பி வீட்டுப் பக்கம் நின்றார். தன் வீட்டுக்குப் போகத் தெருவில் இறங்கி, கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சுற்றிக்கொண்டு போனார். நடுவில் கோடுகூட இல்லாமல் இருந்த மனை அது.

மத்தியானம் சுகாசினியின் ரவிக்கை வாங்கத் தனசேகரன் என் வீட்டுக்கு வந்தார். பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், உட்காரச் சொன்னேன். மேற்குப் பக்கத்திலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. நின்றது, மறுபடியும் வந்தது.

"இன்னா சத்தம்கா அது?"

"உங்க அண்ணன்தான். அவங்க பக்கம் ஆணி முனையெல்லாம் நீட்டிக்கினு இருக்குதாம். எல்லம்மா துணி காயப்போடற இடமாச்சே. ஒண்ணொண்ணா மடக்கிக்கினு இருக்காரு."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை இல்லை.

"வெக்கமா இருக்குது எஸ்தரக்கா. என்னை நெனச்சா எனக்கே தூ-ன்னு இருக்குது."

"அப்ப போய்ப் புடுங்கிப் போடு. இன்னும் ஆணிகூட துருப்பிடிக்கல."

"வெள்ளிக்கெயம வந்துட்டுப் போவட்டும்கா. உறுதி ஆவட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

வெட்கப்படுகிறவனைத் திருத்திவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே காரியத்தையும் முடித்துக்கொள்கிறவனை என்ன செய்வதென்று யாரும் சொல்லிவைக்கவில்லை. நான் ரவிக்கையை மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

அதோடு விட்டாரா? மறுநாள் சாயந்திரம் அப்பாதுரை போன் செய்தார். தனசேகரன் புது வேலியோரமாகவே இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து பேசினார். போனில் பேசினால் தாம்பரத்துக்கு நேராகவே கேட்கட்டும் என்கிற மாதிரிதான் பேசுவார்.

"ஆமாங்க, ஒரு அண்ணன் இருக்காருங்க… பெங்களூர்ல. ஆமாங்க, அங்கியே செட்டில் ஆயிட்டாரு… லீவு கெடைக்கலீங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் மூங்கில் பிளக்கிற சத்தம் நின்றது. அவர் போனை வைத்துவிட்டு உள்ளே போன பிறகும் அது மறுபடி கேட்கவில்லை.

வியாழக்கிழமை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லம்மாள் என்னிடம் சொன்னாள், "நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் மாகறல் போறோம் எஸ்தரு. எங்க அண்ணன் வூட்டுக்கு." அழுதிருந்தால்கூட நான் ஏதாவது பேசியிருப்பேன். வெள்ளிக்கிழமை காலையில் அவள் கதவை வெளியே பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். "அவரு?" என்றேன். "விடியக்காலையிலயே போயிட்டாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். வாசலில் மூங்கில் இல்லை, வைக்கோல் இல்லை. கூட்டிப் பெருக்கி, கோலம் வேறு போட்டு வைத்திருந்தாள்.

நான் போய்த் தனசேகரனிடம் சொன்னேன். "உங்க அண்ணனும் அண்ணியும் மாகறல் போயிட்டாங்க." அவர் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியது. இவ்வளவு நிம்மதியா என்று நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே உள்ளே போய்விட்டார்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதுதான் இதில் பெரிய கொடுமை. அப்பாதுரை செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, என்னையும் பார்த்துக் கும்பிட்டார். மாப்பிள்ளைப் பையன் சம்பூர்ணத்திடம் "அத்தை, தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தான். முற்றத்தில்தான் நாற்காலி போட்டிருந்தது. அப்பாதுரை உட்காருவதற்கு முன் மேற்கு வேலிக்குப் பக்கத்தில் போய்ப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா நேர்த்திங்க! கையில ஒரு சிலாம்புகூட ஏறல. யாருங்க அடிச்சது? எங்க வூட்டுக்கும் ஒண்ணு போடணும், ஆளைச் சொல்லுங்க."

சம்பூர்ணம் புருஷனைப் பார்த்தாள். சுகாசினி முற்றத்தைப் பார்த்த அறைக்குள் என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து விறைத்தது.

"கூலி ஆளுங்கதாங்க" என்றார் தனசேகரன். "வந்து அடிச்சுட்டுப் போயிட்டாங்க."

நான் சூட்டிக்கொண்டிருந்த பூவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். சுகாசினி கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள்.

பேச்செல்லாம் சுமுகமாக முடிந்து, தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், புடவை வைத்த தட்டை அப்பாதுரை கையில் எடுத்தார். எடுத்தவர் நின்றுவிட்டார்.

"எங்க வழக்கத்துல பொண்ணுக்குப் பெரியப்பா இருந்தா அவரு கையிலதான் குடுக்கணும். உங்க பக்கமும் அப்பிடித்தானே?"

"அப்பிடித்தாங்க. ஆனா அவரு பெங்களூர்ல…"

"தெரியும், சொன்னீங்க. ஒரு போன் போடுங்களேன். தட்டு மாத்தறோம்னு ஒரு வார்த்த சொல்லிடறேன். பெரியவரு மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க."

"டூட்டில இருப்பாருங்க."

"போட்டுத்தான் பாருங்க."

தனசேகரன் போனை எடுத்தார். அந்த விரல்கள் எத்தனை உயரத்தில் நின்று முடிச்சுப் போட்ட விரல்கள். அன்றைக்கு ஒரு பெயரைத் தேடி மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தன. அண்ணன் எடுத்து, 'மாகறல்ல இருக்கேம்ப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெங்களூர்ப் பொய் உடைந்துவிடும். அப்பாதுரை பக்கத்திலேயே நின்றுகொண்டு காதைக் கொடுத்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகப் போனில் ஒரு பெண் சொன்னாள். தனசேகரனுக்கு மூச்சு வந்தது.

"நான் சொல்லலீங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

தட்டை அவரே வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா சுகாசினிக்குப் பூ வைத்தாள். பையன் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சுகாசினி மட்டும் சிரிக்கவில்லை. வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை.

வேன் தெருமுனையைத் திரும்பியதும் அவள் ஒரு பையில் பழமும் ஸ்வீட்டும் பூவும் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"பெரியப்பா வூட்ல குடுத்துட்டு வா."

"அவங்கதான் ஊர்ல இல்லியேம்மா."

"கதவுல மாட்டிட்டு வா. நீயே போ. எனக்குப் பெரியப்பான்னு ஒருத்தரு இருக்காரு, அவருக்குச் சேரணும்."

தனசேகரன் பையை வாங்கினார். பத்து எட்டில் போகிற வீட்டுக்குத் தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு நடந்தோம். எதிரே இருக்கிற என் வீட்டுக்குத் திரும்பாமல் நானும் கூடவே போனேன்.

"இன்னிக்கே புடுங்கிடறேன்கா" என்றார். "நல்ல வேளை, எங்கண்ணன் இதையெல்லாம் கேக்கல. கூலி ஆளுன்னு சொன்னத மட்டும் கேட்டிருந்தாரு, நான் செத்தேன்."

அவர் எல்லம்மாளின் கோலத்தை மிதிக்காமல் ஓரமாகப் போய், பையைப் பூட்டில் மாட்டினார். பூட்டு கதவில் இடித்துச் சத்தம் போட்டது.

"யாரு, தனசேகரனா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "போயிட்டாங்களாப்பா?"

தனசேகரன் கையை எடுக்கவில்லை. பூட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"அண்ணா… உள்ளியா இருக்கிற?"

"உங்க அண்ணியத்தான் வெளிய பூட்டிக்கினு போவச் சொன்னேன். நானும் அவகூட போறதாத்தான் இருந்தேன். மனசு கேக்கல. தூக்கி வளத்த புள்ள. கண்ணால பாக்கலன்னாலும் பூ வைக்கறத காதாலயாவது கேக்கலாம்னு இருந்துட்டேன்." கதவுக்குப் பக்கத்தில் அவர் நகர்ந்து வருகிற சத்தம் கேட்டது. "பயப்படாத. போன அணைச்சு வச்சுட்டேன். இருமக்கூட இல்லப்பா."

தனசேகரன் பூட்டை இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். சாவி எல்லம்மாளோடு மாகறலில் இருந்தது. அவர் கதவில் தலையை முட்டிக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பைக்குள்ளிருந்த பழம் ஒன்று உருண்டு கோலத்தில் விழுந்தது. அண்ணா அண்ணா என்று விசும்பினார்.

"அழுவாதடா. நல்ல நாளு இது" என்றார் ராமராஜன் உள்ளேயிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ நினைவு வந்தவர் போல, "மாப்பிள்ள கொரலு நல்லா இருக்குதுப்பா" என்றார்.